பவளப்பாறைத் தொட்டியில் நீரோட்டமும் மணற்படுகையும்

பவளப்பாறைத் தொட்டி என்பது உயிருள்ள பவளங்களையும் அவற்றோடு வாழும் மீன், நத்தை, கடற்பஞ்சு போன்றவற்றையும் கடல்நீரில் வைத்து வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஆகும். வலிய நீரோட்டத்தையும் அடியில் பரப்பிய மணலையும் ஒருசேர நிலைநிறுத்துவது இத்தொட்டியை அமைப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல்களுள் ஒன்று. பவளத்துக்கு ஓடும் நீர் தேவை. ஓடும் நீரோ மணலை அரிக்கிறது. நீரோட்டத்தைக் குறைத்தால் பவளம் நலிகிறது. கூட்டினால் மணல் கிளம்பிப் பவளத்தின் மீதே படிகிறது.

மணல் நகர்வதைத் தீர்மானிப்பது பம்புகள் ஒரு மணி நேரத்தில் தள்ளும் மொத்த நீரின் அளவு அன்று. மணற்பரப்பை ஒட்டி ஓடும் நீரின் வேகமே ஆகும். இவ்விரண்டும் வெவ்வேறு அளவுகள் என்பதால், நிறைய நீரை நகர்த்திக்கொண்டே மணலையும் அசையாமல் வைத்திருக்க முடிகிறது.

நீரோட்டத்தின் தேவை

பவளம் ஓரிடத்தில் ஒட்டி வாழும் விலங்கு. உணவைத் தேடிச் செல்லவோ கழிவை விட்டு விலகவோ அதனால் முடியாது. மிதவை உயிரிகளைக் கொண்டுவருவதும், ஆக்சிஜனைத் தருவதும், பவளம் சுரக்கும் சளியையும் அதன் மேல் விழும் தூசியையும் கழுவிச் செல்வதும் நீரோட்டமே.

எந்தப் பரப்பை ஒட்டியும் ஏறத்தாழ அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். இது எல்லைப்படலம் எனப்படும். பவளத்தின் திசுவுக்கும் சுற்றியுள்ள நீருக்கும் இடையே வாயுக்களும் சத்துகளும் இப்படலத்தைக் கடந்தே செல்ல வேண்டும். நீரோட்டம் வலுக்கும்போது படலம் மெலிந்து, பரிமாற்றம் விரைவாகிறது. தேங்கிய நீரில் படலம் தடிக்கிறது. அத்தகைய இடத்தில் வைக்கப்பட்ட கிளைப் பவளத்தின் அடிப்பகுதித் திசு உரிந்து வெண்மையாவதைத் தொட்டி வளர்ப்போர் அடிக்கடி காண்கின்றனர்.

தொட்டியின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் நகர்த்தப்படுகிறது என்பதே நீரோட்டத்தைக் குறிப்பிடும் வழக்கமான முறை. மென்பவளங்களுக்கு 10 முதல் 20 மடங்கும், அக்ரோபோரா போன்ற சிறுமொட்டுக் கற்பவளங்களுக்கு 30 முதல் 50 மடங்கும் அதற்கு மேலும் வழக்கில் உள்ளன. இவை அனுபவத்தால் வந்த தோராயமான எண்களே.

மணற்படுகையின் பயன்

தொட்டிகளில் பெரும்பாலும் இடப்படுவது அரகோனைட்டு எனப்படும் கால்சியம் கார்பனேட்டு மணல். அழகுக்காக மட்டும் அது இடப்படுவதில்லை. மணலின் மேலடுக்கில் ஆக்சிஜன் உண்டு. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்சிஜன் எட்டாத கீழடுக்கில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. மணல் அடிக்கடி புரண்டால் இந்த அடுக்கமைப்பு நிலைபெறாது.

மணலைச் சார்ந்து வாழும் உயிர்களும் உள்ளன. ஹாலிகோரஸ் இன மீன்கள் இரவில் மணலுக்குள் புதைந்து உறங்குகின்றன. வாலன்சியென்னியா கோபி மீன்கள் மணலை வாயில் அள்ளிச் சலித்து இரை தேடுகின்றன. நசாரியஸ் நத்தைகள் மணலில் மறைந்திருந்து, உணவின் வாடை பட்டதும் வெளியே வருகின்றன. ஃபங்கியா, டிராக்கிஃபிலியா போன்ற பவளங்கள் இயற்கையிலேயே கடலடித் தரையில் தளர்வாகக் கிடந்து வளர்பவை.

மணல் நகரும் வேகம்

கடற்கரையில் அலை திரும்பும்போது, நிற்பவரின் குதிகாலுக்கு அடியிலுள்ள மணல் அரித்துச் செல்லப்படுவதை யாவரும் அறிவர். துகளின் எடையையும் உராய்வையும் மிஞ்சும் அளவுக்கு நீர் இழுக்கும்போதுதான் மணல் கிளம்புகிறது. துகளின் பருமனுக்கும் அதைக் கிளப்பும் நீரின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை சுவீடனைச் சேர்ந்த ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935 இல் வரைபடமாக வெளியிட்டார். ஆறுகளுக்காக வரையப்பட்ட அப்படத்தின்படி, 0.2 முதல் 0.5 மி.மீ. வரை பருமனுள்ள மணலே மிக எளிதில் கிளம்புகிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. ஓட்டமே அதற்குப் போதுமானது. துகள் பெரிதாகப் பெரிதாகத் தேவைப்படும் வேகமும் கூடுகிறது. மாவு போன்ற நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் கிளம்புவது கடினம். ஆனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் மிக மெல்லிய ஓட்டத்திலும் படியாமல் மிதந்து நீரைக் கலக்குகின்றன.

ஒரு கணக்கு

120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீர் ஆழமும் உள்ள தொட்டி 360 லிட்டர் கொள்ளும். மணிக்கு 40 மடங்கு என்றால் 14,400 லிட்டர், அதாவது நொடிக்கு 4 லிட்டர். இந்நீர் தொட்டியின் குறுக்குவெட்டு முழுவதும் (60 × 50 = 3,000 ச.செ.மீ.) சீராகப் பரவி ஓடினால் அதன் வேகம் நொடிக்கு 1.3 செ.மீ. மட்டுமே. அந்த வேகத்தில் எந்த மணலும் அசையாது.

இதே 4 லிட்டரை நான்கு பம்புகள் ஆளுக்கு ஒரு லிட்டராகத் தள்ளுவதாகக் கொள்வோம். பம்பின் வாய் 2.5 செ.மீ. விட்டமுள்ளதாயின், வெளிவரும் நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 200 செ.மீ. வாய் 8 செ.மீ. விட்டமாயின் அது 20 செ.மீ. ஆகக் குறைகிறது. தள்ளப்படும் நீர் ஒன்றே. வேகம் பத்தில் ஒரு பங்கு.

நடைமுறையில் பம்பிலிருந்து வரும் நீர் அருகிலுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால், தொட்டியில் உண்மையான ஓட்டம் 1.3 செ.மீ.யை விடக் கூடுதலாகவே இருக்கும். எனினும், குறுகிய தாரை மணலைக் குடைவதும் அகன்ற ஓட்டம் குடையாததும் ஏன் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இயற்கையில்

கடலிலும் இதே விதிதான். திறந்த கடலை நோக்கிய பாறை விளிம்பு அலையின் வேகத்தை ஏற்றுத் தணிக்கிறது. அங்கே மணல் தங்குவதில்லை. பாறைக்குப் பின்னாலுள்ள அமைதியான நீரில் மணல் படிகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இதற்குச் சான்று. அங்கு முற்காலத்தில் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதால் அலைத்தடுப்பு குறைந்து தீவுகளின் கரைகள் அரிக்கப்பட்டன. இரு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைத்தொகுதிகள் கடலில் இறக்கப்பட்டன.

சமநிலைக்கான வழிகள்

மணலின் பருமன்: வலிய ஓட்டம் வேண்டிய தொட்டிக்கு 1 முதல் 2 மி.மீ. துகள்கள் ஏற்றவை. அதைவிட நுண்ணிய மணல் புயலாகக் கிளம்பும். மிகப் பெரிய துகள்களின் இடுக்குகளில் கழிவு சிக்கிக்கொள்ளும். மணலில் புதையும் மீன்களுக்கும் அது ஏற்றதன்று.

பம்பின் வகை: குறுகிய வாயுள்ள பவர்ஹெட்டை விட, அகன்ற ஓட்டம் தரும் ப்ரொப்பெல்லர் வகைப் பம்புகள் மணலுக்குப் பாதுகாப்பானவை. ஒரே பெரிய பம்புக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய பம்புகளை வைத்தால் வேகம் பகிர்ந்துகொள்ளப்படும்.

பம்பின் இடம்: பம்புகளைத் தொட்டியின் மேற்பாதியில், நீர்மட்டத்தை நோக்கிச் சற்றே சாய்த்துப் பொருத்துவது நல்லது. நீர்ப்பரப்பு கலங்குவதால் ஆக்சிஜன் கரைவதும் கூடும். தாரை எதிர்க் கண்ணாடியில் நேராக மோதினால் நாற்புறமும் பிரியும். அதில் கீழ்நோக்கி வரும் பகுதி கண்ணாடியின் அடியில் பள்ளம் பறிக்கும். மூலைகளில் மணல் இல்லாமற் போவதற்கு இது பொதுவான காரணம்.

மாறும் ஓட்டம்: திசையும் வலிமையும் மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டம், ஒரே இடத்தைத் தொடர்ந்து அரிப்பதில்லை; பவளத்தின் எல்லாப் பக்கங்களையும் அது அடைகிறது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987 இல் திறக்கப்பட்ட, 25 லட்சம் லிட்டர் கொள்ளும் பவளத்தொட்டியில் இதற்கென அலை இயந்திரம் அமைக்கப்பட்டது. வீட்டுத் தொட்டிகளில் வேவ்மேக்கர் எனப்படும் கட்டுப்படுத்தி இவ்வேலையைச் செய்கிறது. அதை முழு வலிமையில் ஓட்டும்போதும் மணல் அசைகிறதா என்பதைப் பார்த்தே அமைக்க வேண்டும்.

பாறை அடுக்கு: ஆற்றுப் பாலத்தூணின் அடியில் நீர் சுழன்று மண்ணை அரிப்பது போல, தொட்டிப் பாறையின் அடியிலும் அரிப்பு நிகழும். மணலின் மேல் வைக்கப்பட்ட பாறை இதனால் சரிந்து கண்ணாடியை உடைக்கக்கூடும். ஆகவே பாறைகளை முதலில் தொட்டியின் தரையில் உறுதியாக அமைத்து, அதன் பிறகே மணலைப் பரப்ப வேண்டும். அதிக ஓட்டம் விரும்பும் பவளங்களைப் பாறையின் உச்சியிலும், மென்மையான ஓட்டம் விரும்புபவற்றை மணலருகிலும் வைத்தால் ஒரே தொட்டியில் இரு தேவைகளும் நிறைவேறும்.

படிப்படியான உயர்வு: புதிய மணலில் உள்ள தூளைக் கழுவி நீக்கிய பின், குறைந்த ஓட்டத்தில் தொடங்கி வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பாக்டீரியாக்களும் நுண்பாசிகளும் சுரக்கும் பசை துகள்களைப் பிணைப்பதால், பழகிய மணல் புதிய மணலை விட உறுதியாக நிற்கும்.

படுகையின் ஆழம்

மெல்லிய படுகை என்பது 2.5 முதல் 5 செ.மீ. வரை ஆழமுடையது, சுத்தம் செய்ய எளிது. ஆழ்படுகை 10 செ.மீ.க்கு மேற்பட்டது, நைட்ரேட்டை நீக்குவதே அதன் நோக்கம். ஆழ்படுகையில் ஏற்படும் அரிப்பு கூடுதல் ஆபத்தானது. ஆக்சிஜன் அற்ற அடுக்கில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு உருவாகியிருக்கக்கூடும். திடீரென வெளிப்பட்டால் அது மீன்களைக் கொல்லும். இதனால் பழைய ஆழ்படுகையை ஒரே நாளில் கிளறுவதோ, அதன்மீது திடீரென வலிய ஓட்டத்தைத் திருப்புவதோ கூடாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

மணலில் வரிவரியாக அலைத்தடம் தோன்றினால் துகள்கள் நகரத் தொடங்கிவிட்டன என்று பொருள். தரைக் கண்ணாடி தெரிந்தால் ஓட்டம் மிகுதி. பவளத்தின் மேல் மணல் தங்கினால் அதை உடனே ஊதி அகற்ற வேண்டும். மூடப்பட்ட திசு சில நாட்களில் அழுகத் தொடங்கும். மாறாக, மணலின் மேல் பழுப்புக் கழிவு சேர்வதும் செந்நிற வழுவழுப்பான சயனோபாக்டீரியாப் படலம் பரவுவதும் அவ்விடத்தில் ஓட்டம் போதாததைக் காட்டும் அறிகுறிகளாக இருக்கலாம். இவ்விரு வகை அறிகுறிகளும் ஒரே தொட்டியின் வெவ்வேறு மூலைகளில் காணப்பட்டால், பம்பின் வலிமையை மாற்றுவதை விட அதன் திசையை மாற்றுவதே தீர்வு.

மணலற்ற தொட்டி

கிளைப் பவளங்களை மட்டும் வளர்ப்போர் சிலர் மணலையே தவிர்க்கின்றனர். இதில் எவ்வளவு வலிய ஓட்டமும் தரலாம்; கழிவு தங்காது. ஆனால் மணலில் வாழும் உயிர்களை வளர்க்க இயலாது. நைட்ரேட்டை நீக்கும் பணியைப் பாறைகளும், புரோட்டீன் ஸ்கிம்மர் போன்ற கருவிகளும், நீர் மாற்றுதலுமே ஏற்க வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடற்பகுதியையும் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது.