கைராசியா, குசினியின் குளிரா?

அந்த நாட்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2022ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. மரக்கறியின் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர்! வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அந்த ஜூன் மாதத்தில் அரசாங்கம் தீர்மானித்ததும் நினைவிருக்கும். முற்றம் உள்ளவர்கள் முற்றத்தில் நட்டார்கள். இல்லாதவர்கள் யோகட் கோப்பையிலும் உடைந்த வாளியிலும் நட்டார்கள்.

நாங்களும் நட்டோம். அதில் நான் கற்றுக்கொண்ட பாடத்தை, சகோதரிகளே, உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பணிக்காகப் பண்டாரவளையில் குடியிருப்பவன். என் தங்கை காத்தான்குடியில் இருக்கிறாள். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு பைக்கற்றுக் கொச்சிக்காய் வித்தை வாங்கி இரண்டாகப் பிரித்து, பாதியை அவளுக்கு அனுப்பினோம். இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் போட்டார்கள். வெளியே மாரி மழை. ஆகவே இரண்டு வீட்டிலும் தட்டுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்து, அளவாகத் தண்ணீர் தெளித்து, எல்லாம் ஒரே முறைதான்.

எட்டாம் நாள் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, எல்லாம் முளைச்சிட்டு!" என்றாள். எங்கள் தட்டிலோ ஒரு தலையைக் காணோம். பத்தாம் நாளும் இல்லை. பதினைந்தாம் நாளும் இல்லை.

அப்போது எங்களோடு தங்கியிருந்த என் உம்மா தட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதே வித்துத்தானே அங்க முளைச்சிருக்கு. வித்துல பிழை இல்ல. ஒங்கட கைக்குத்தான் ராசி இல்ல மகள்."

உம்மா கோபமாகச் சொல்லவில்லை. தம் காலத்துப் பெண்கள் சொன்னதையே சொன்னார். ஆனால் என் மனைவியின் முகம் வாடியதை நான் கண்டேன். கண்டும் பேசாமல் இருந்தேன். நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் காரண காரியம் படிப்பித்துக் கொடுக்கின்ற நான், அன்று காரணத்தைத் தேட முயலவில்லை.

தேடியவர் என் மனைவிதான். அன்றிரவு அப்பத்துக்கு மா கரைத்து வைக்கும்போது அவர் சொன்னார்: "இந்தக் குளிருக்கு மாவை மேசையில வெச்சா பொங்குதா? அடுப்படிக்குக் கொண்டு போனாத்தானே பொங்குது. வித்துக்கும் அப்படித்தானோ?" எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நாங்கள் கட்டிய விறகடுப்பு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்துத் தட்டில், கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும் இடத்தில், கொச்சிக்காய்த் தட்டை வைத்தார். நான்காம் நாள் காலையில் வளைந்த முதுகோடு முளைகள் வெளியே வந்திருந்தன.

வித்துக்குள்ளே என்ன நடக்கிறது?

காய்ந்த வித்து செத்த பொருள் அல்ல, உறங்குகின்ற உயிர். தண்ணீர் பட்டதும் அதை உறிஞ்சிப் பருக்கின்றது. பின்னர் சுவாசிக்கத் தொடங்குகின்றது. உள்ளே நொதியங்கள் வேலை செய்து, சேமித்து வைத்திருக்கும் உணவைக் கரைத்து முளைக்குக் கொடுக்கின்றன. முதலில் வேர் வெளியே வருகின்றது, அதன் பின்னரே தண்டு தலை காட்டுகின்றது.

இந்த வேலைகள் எல்லாம் வெப்பத்தைப் பொறுத்தே வேகமாகவோ மெதுவாகவோ நடக்கின்றன. வித்து நாட்களை எண்ணுவதில்லை, கிடைத்த வெப்பத்தையே கூட்டிக்கொள்கிறது என்று சொல்லலாம். சீட்டுக்காசு சேர்ப்பது போலத்தான். நாளுக்கு நூறு ரூபா போடுபவர் சீக்கிரம் முடிப்பார்; ஐம்பது போடுபவருக்கு இரட்டிப்பு நாள் எடுக்கும். எங்கள் தட்டு பதினைந்து நாளும் சும்மா இருக்கவில்லை, சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அடுப்படிக்குப் போனதும் மீதியை நான்கே நாளில் சேர்த்து முடித்தது. பதினைந்தாம் நாள் அதைக் கொட்டியிருந்தால், உயிருள்ள வித்தையே கொட்டியிருப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரிங்டன் என்னும் அறிஞர் 1950களில் இதை அளந்து வைத்திருக்கிறார். கொச்சிக்காய் இனத்து வித்துக்கு 15 பாகை செல்சியஸில் 25 நாட்களும், 20 பாகையில் 13 நாட்களும், 25 பாகையில் 8 நாட்களும் சென்றன. தக்காளிக்கு 10 பாகையில் 43 நாட்கள், 25 பாகையில் 6 நாட்கள். வெங்காய வித்துக்கு 10 பாகையில் 13 நாட்கள், 25 பாகையில் 4 நாட்கள். வித்து அதே வித்து, வைத்த இடந்தான் வேறு.

இன்னொரு விடயமும் உண்டு. ஈரமான தட்டு அறையின் காற்றைவிடக் குளிராக இருக்கும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டு போகிறது. தட்டிலும் அதுவே நடக்கிறது. குளிர்ந்த சீமெந்துத் தரையில் வைத்தால் இன்னும் மோசம். தட்டின் மேல் ஒரு பொலித்தீனை மூடினால் ஈரமும் காயாது, வெப்பமும் நிற்கும். முளை தெரிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

சூடு கூடினாலும் முளைக்காது

அப்படியானால் காத்தான்குடியில் எல்லாம் முளைத்துவிடுமா? அடுத்த ஏப்ரலில் தங்கை சலாது வித்துப் போட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை. அதே வித்து எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் பச்சை காட்டியது! இப்போது யாருடைய கைக்கு ராசி இல்லை என்று சொல்வது?

சலாது குளிர் விரும்பும் பயிர். ஹாரிங்டனின் அளவையில் அது 20 பாகையில் 3 நாட்களில் முளைத்தது. 35 பாகையில் முளைக்கவே இல்லை. அளவுக்கு மிஞ்சிய சூட்டில் சலாது வித்து முளைக்க மறுத்து உறங்கிவிடும். ஏப்ரல் மாதத்துத் தகரக் கூரையின் கீழ் 35 பாகை என்பது பெரிய காரியமா?

என் மனைவி அவளுக்கு வழி சொன்னார். வித்தை ஈரத் துணியில் சுற்றி, பெட்டியிலிட்டு, மூன்று நாட்கள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு பின்னேரத்தில் தூவி, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைக்கச் சொன்னார். முளைத்தது.

சலாதுக்கு ஒளியும் வேண்டும். 1952இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆய்வுகூடத்தில் சலாது வித்துக்களை வைத்தே, சிவப்பு ஒளி முளைத்தலைத் தூண்டுகிறது என்பதையும், அதற்கு அப்பாலுள்ள கடுஞ்சிவப்பு ஒளி அதைத் தடுக்கிறது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆகவே சலாது வித்தை ஆழப் புதைக்காமல் மேலாகத் தூவி, மெல்ல அழுத்திவிட்டால் போதும். கொச்சிக்காய், தக்காளி, வெங்காயம் இருட்டிலும் முளைக்கும்.

தண்ணீரும் காற்றும்

முளைக்கவில்லை என்று கண்டதும் நாம் செய்யும் முதல் வேலை, இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுவது. இதுவே பெரும் பிழை. சுவாசிக்கும் வித்துக்கு ஒட்சிசன் வேண்டும். தட்டு சேறாகிவிட்டால் காற்றுப் புகாது, வித்து மூச்சுத் திணறி அழுகிவிடும். முளைத்தாலும் நாற்றழுகல் நோய் வந்து கழுத்தில் ஒடிந்து விழும். பயறு முளைக்கட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? ஓர் இரவு ஊறவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரத் துணியில்தானே கட்டிவைக்கிறோம்? தண்ணீருக்குள்ளேயே விட்டால் நாறிவிடும். அதே நீதிதான் தட்டுக்கும்.

பாகல், வெண்டி போன்ற தோல் தடித்த வித்துக்களை முதல் நாள் இரவு ஊறவைத்துப் போட்டால் சில நாட்கள் மிச்சமாகும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்துப் போட வேண்டும். ஒரு மணிக்குள் இரண்டு வித்துக்கள் இருக்கின்றன.

வித்தின் வயதையும் பார்க்க வேண்டும். வெங்காய வித்துக்கு ஆயுள் குறைவு, ஓரிரண்டு ஆண்டுகளே. வித்தின் ஈரம் 1 சதவீதம் குறையும்போதும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதும் அதே ஹாரிங்டன் சொன்ன கணக்குத்தான். ஆகவே மீதி வித்தை அடுப்படித் தட்டில் வைக்காதீர்கள். நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத போத்தலில் இட்டு, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். போடும் வித்துக்கு இளஞ்சூடு, வைக்கும் வித்துக்குக் குளிர்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் பத்து வித்தை ஈரத் துணியில் மடித்து இளஞ்சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு எட்டு முளைத்தால் வித்து நல்லது. ஒன்றிரண்டுதான் என்றால் அதை நம்பித் தட்டை நிரப்ப வேண்டாம்.

தட்டில் போட்ட திகதியையும் வைத்த இடத்தையும் எழுதி ஒட்டுங்கள். மலைநாட்டுக் குளிரில் கொச்சிக்காய்க்கு ஒரு மாதம் வரையில் தவணை கொடுங்கள். அடுப்படியில் வைப்பதானால் கையால் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுடுகின்ற இடம் வித்தையும் வேகவைத்துவிடும்.

முளை தலை காட்டிய அன்றே வெளிச்சமான யன்னலோரத்துக்கு மாற்றிவிடுங்கள். இருட்டில் விட்டால் வெளிறி, நூல் போல நீண்டு சாய்ந்துவிடும். பெரிய நாடுகளில் கட்டடங்களுக்குள்ளே மின்விளக்கில் கீரை வளர்ப்பவர்களும் முளைக்கவைக்கும் இடத்தை வேறாகவும் வளர்க்கும் இடத்தை வேறாகவும் வைத்துக்கொள்கிறார்கள். அடுப்படியும் யன்னலும் நமக்கு அந்த இரண்டு இடங்கள்.

அந்தக் கொச்சிக்காய்ச் செடிகள் அடுத்த ஆண்டு முழுவதும் எங்களுக்குக் காய் தந்தன. அதன்பின் வந்த மார்கழியில் உம்மா தம் கையாலேயே ஒரு தட்டில் தக்காளி வித்துப் போட்டார். ஆறு நாள் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் காலையில் அந்தத் தட்டு அடுப்புப் பக்கத்தில் இருந்தது. யார் கொண்டுபோய் வைத்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. உம்மாவும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது என் மனைவியைத் தம் பக்கத்தில் அழைத்து இருத்திக்கொண்டார்.

சகோதரிகளே, முளைக்காத தட்டு எந்த வீட்டிலும் இருக்கும். இனிமேல் அதைக் கண்டால், "யார் போட்டது?" என்று கேட்பதை விட்டு, "எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்போம்.