பதினெட்டு வயதுக்குப் பிறகு?

ரயில் நிலையங்களில் தனியே அலையும் குழந்தைகளை மீட்டு, குழந்தைகள் நலக்குழு வழியாக இல்லங்களில் சேர்ப்பதை என் ரயில்வே உத்தியோகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே சோறும் படிப்பும் கிடைக்கும். ஆனால் 18 வயது முடிந்ததும் வெளியே வந்தாக வேண்டும். அந்த வயதில் நம் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூ மார்க்கை எண்ணிக்கொண்டிருப்பார்கள். இவர்களோ வாடகைக்கு அறை தேட வேண்டும். ஜாமீன் நிற்க அப்பா இல்லை. வேலை போனால் திரும்பிப் போக வீடும் இல்லை.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இவர்களுக்குப் பண உதவி ‘வழங்கலாம்’ என்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி இந்த உதவி 21 வயது வரை; விதிவிலக்காக மேலும் 2 ஆண்டுகள். 2022-இல் வந்த மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் மாதம் 4,000 ரூபாய் என்று வகுத்தன. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வெளியேறும் பிள்ளைகளும் உண்டு.

தண்டவாளத்தில் நேர்ப்பாதையையும் வளைவையும் சட்டென்று இணைக்க மாட்டோம். நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வளையும் பகுதி ஒன்றைப் போடுவோம். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஊர் விட்டு வந்த நம்மில் பலருக்கு முதல் அறையும் முதல் வேலையும் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் கிடைத்தன. அந்தத் தெரிந்தவராக இவர்களுக்கு நாம் இருக்கலாமே! கடை, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அன்பர்கள் தொழில் கற்றுத் தரலாம். மற்றவர்கள் பாங்கிற்கும் ரேஷன் கார்டு ஆபீசுக்கும் துணை போகலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை முதலில் அணுகுங்கள்.