முன்பள்ளியை நடத்துவதா, கேட்டுப் பெறுவதா?

இடம்பெயர்ந்த மக்களின் கிராமங்களில் தொண்டர் நிறுவனங்கள் தொடங்கிய முன்பள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரலாறுதான். முதலில் ஒரு தகரக் கொட்டில் எழும்பும். ஊரிலே படித்த ஓர் இளம் பெண்ணுக்குப் பயிற்சியும் சிறு கொடுப்பனவும் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் கஞ்சியோ அவித்த கடலையோ கொடுப்பார்கள். இரண்டு மூன்று வருடம் சென்றதும் 'திட்டம் முடிந்துவிட்டது' என்று கடிதம் வரும். ஆசிரியை சில மாதங்கள் சம்பளமின்றிப் படிப்பிப்பார். ஆனால் அவருக்கும் வயிறு உண்டு. நாற்று நடுகைக் காலத்தில் தாய்மார் மறுபடியும் கைக்குழந்தைக்கு வயற்கரை மரத்தில் ஏணை கட்டுவார்கள். மூத்த பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் அதற்குக் காவல் இருக்கும்.

இப்போது நிறுவனங்களின் பேச்சு மாறியிருக்கிறது. 'இனி நாங்கள் முன்பள்ளி நடத்தமாட்டோம், அரசாங்கத்தின் கொள்கையை மாற்ற உழைப்போம்' என்கிறார்கள். இதற்குப் 'பரிந்து பேசல்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கருத்தரங்கு மண்டபத்திலே இது நன்றாகத்தான் இருக்கிறது. வேலைக்குப் புறப்பட்டு நிற்கும் தாய் கேட்பதோ ஒன்றுதான்: "அப்ப நாளைக்குப் பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டுப் போறது?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லாத எந்தக் கொள்கை வேலையும் அரைவேலை என்பதே என் எண்ணம். இதை இந்தியாவின் அனுபவத்தைக் கொண்டு விளக்கலாம். அங்கே இந்த மாற்றம் பல ஆண்டுகளாக நடந்தது. வென்றதும் தோற்றதும் எழுத்திலே இருக்கின்றன.

1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டுக்காக டில்லி ராஜ்காட்டில் கட்டட வேலைகள் நடந்தன. கல் சுமந்த பெண்களின் குழந்தைகள் தூசியிலும் வெயிலிலும் கிடந்தார்கள். இதைக் கண்ட மீரா மகாதேவன் என்ற பெண்மணி அந்த இடத்திலேயே ஒரு கூடாரத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தைத் தொடங்கினார். கட்டடம் முடிந்து கூலியாட்கள் வேறிடம் போனால் நிலையமும் கூடப் போகும். அதனால் 'மொபைல் கிரெஷ்' என்று பெயர் வந்தது. மூட்டை முடிச்சோடு கொட்டில் கொட்டிலாக மாறி வாழ்ந்த எமக்கு இந்த யோசனையை விளக்கத் தேவையில்லை.

அவர்கள் எத்தனை நிலையம் திறந்தாலும் வேலைத்தலங்கள் அதைவிடப் பெருகின. ஒரு தொண்டர் நிறுவனத்தால் ஒரு நாட்டின் பிள்ளைகளைப் பார்க்க முடியாதல்லவா? எனவே 1989இல் பல அமைப்புகள் கூடி, பிள்ளைப் பராமரிப்புக்காகக் குரல் கொடுக்கும் 'போர்ஸஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஆனால் மொபைல் கிரெஷ் தன் நிலையங்களை மூடிவிடவில்லை. கொந்தராத்துக்காரரிடமும் கட்டட நிறுவனங்களிடமும் செலவில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி, நிலையங்களை நடத்திக்கொண்டே கோரிக்கையும் எழுப்பினார்கள். பிள்ளைகளின் நிறையையும் நோயையும் வரவையும் நாளாந்தம் பார்த்தவர்கள் பேசும்போது, 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று அதிகாரிகளால் கேட்க முடியாது. 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50க்கு மேற்பட்ட பெண்கள் வழக்கமாக வேலைசெய்யும் இடத்தில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அறை இருக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் வந்ததும் எல்லாக் கொந்தராத்துக்காரரும் அறை கட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்க ஆளில்லாத இடத்தில் சட்டம் கடதாசியிலேயே கிடந்தது.

அரசாங்கத்தின் பக்கத்தில் 1975 ஒக்டோபர் 2ஆம் திகதி 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி என்றால் முற்றத்து நிலையம் என்று கொள்ளலாம். சத்துணவு, தடுப்பூசி, முன்பள்ளி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். ஆனால் கால் நூற்றாண்டு சென்றும் ஏழைக் குடியிருப்புகள் பலவற்றுக்கு அது வரவில்லை. 2001இல் ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடக்க, அரச களஞ்சியங்களில் தானியம் நிரம்பியிருந்தது. மக்கள் உரிமை அமைப்பொன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவ்வருடம் நவம்பர் 28ஆம் திகதி, ஒவ்வொரு குடியிருப்பிலும் அங்கன்வாடி வேண்டும், 6 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு 300 கலோரி உணவு வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. 2004இல், அந்த உணவைக் கொந்தராத்துக்காரர் மூலம் வழங்கக்கூடாது, கிராமத்துப் பெண்கள் குழுக்கள் போன்றவற்றின் மூலம் வழங்குவதே விரும்பத்தக்கது என்றது.

எமக்கு மிகவும் பயன்படுவது 2006 டிசெம்பர் 13ஆம் திகதிக் கட்டளை. ஒரு குடியிருப்பில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் 40 பேராவது இருந்து, அங்கே அங்கன்வாடி இல்லாவிட்டால், மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். இந்தக் கட்டளையின் பலம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எண்ணிக்கை உண்டு, தவணை உண்டு, கேட்க வேண்டியவர் யார் என்பதும் உண்டு. படிக்காத தாய்மாரும் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணலாம். 'அனைத்துச் சிறார்களின் முழுமையான விருத்தி' என்ற கொள்கை வாக்கியத்தை எவரும் எண்ண முடியாது.

தோல்வியும் உண்டு. 2002இல் இந்திய அரசியலமைப்புத் திருத்தப்பட்டபோது 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்காக அரசு 'முயற்சி செய்யும்' என்று மட்டும் எழுதினார்கள். நிலையம் நடத்தும் பெண்களின் கதை இன்னும் கவலையானது. மேற்சொன்ன கட்டளை வந்த அதே மாதத்தில், அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், அங்கன்வாடி ஊழியர் அரசாங்கப் பதவி வகிப்பவர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அவர்களுக்குப் பணிக்கொடை உரித்து என்று தீர்ப்பு வர 2022 ஆயிற்று. பிள்ளைக்காகப் பேசியவர்கள் பிள்ளையைப் பார்க்கிறவளுக்காகவும் சம அளவில் பேசியிருந்தால் இத்தனை காலம் சென்றிருக்குமா என்பது என் சந்தேகம்.

எமது நாட்டிலும் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 வயதிலிருந்தே தொடங்குகின்றன. முன்பிள்ளைப் பருவத்துக்கு 2004இல் ஒரு தேசியக் கொள்கை வந்தது. கொள்கை வேறு, சட்டம் வேறு. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் கொடுத்தது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் பல ஆண்டுகள் தேர்தல் இல்லை. மலையகத் தோட்டங்களில் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகையில் 'பிள்ளைக் காம்பரா' உண்டு. குறை நிறைய இருந்தாலும் கேட்பதற்குத் தோட்ட நிர்வாகம் என்று ஒரு முகவரி உண்டு. வயலில் கூலிக்கு நடுகிற பெண்ணுக்கு அதுவும் இல்லை. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகள் பலர் அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மாகாணம் வாழக்கூடிய சம்பளம் கொடுக்காத இடத்தில் வேறொருவர் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் ஊரில் நிறுவனம் வெளியேறப் போகிறது என்றால், கொட்டிலைப் பூட்டவிடாதீர்கள். குறைந்தது ஓர் அறுவடை வரையாவது நெல்லாகவோ பணமாகவோ சேர்த்து ஆசிரியையை வைத்திருங்கள். அந்தக் காலத்துக்குள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஓர் இடாப்புத் திறக்கட்டும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், அடுத்த முன்பள்ளி எவ்வளவு தூரம், இடையில் ஆறோ குளமோ காடோ உண்டா, எத்தனை தாய்மார் கூலிக்குப் போகிறார்கள், பிள்ளையைப் பார்ப்பதற்காகப் பாடசாலைக்குப் போகாத அக்காமார் எத்தனை பேர், ஆசிரியைக்குக் கடைசியாகக் கொடுப்பனவு கிடைத்தது எந்த மாதம் என்று எழுதுங்கள். தற்காலிகமாகக் குடியிருக்கும் குடும்பங்களையும் சேருங்கள். பதிவு இல்லை என்று அவர்களையே முதலில் வெட்டுவார்கள். குடும்பநல உத்தியோகத்தரிடம் உள்ள பிள்ளைகளின் விபரத்தோடு எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு பிரதேச செயலாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் தனித்தனி மனு எழுதி, 'இத்தனை பிள்ளைகள், இந்த மாதத்துக்குள்' என்று கேளுங்கள். தபாலில் அனுப்பாமல் நேரே கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிச் சங்கத்தின் கோவையில் போட்டு வையுங்கள்.