குப்பைப் பைக்குள் கடிதம்!

நம் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள், ஒன்றுக்கு ஒன்று கடிதம் போட்டுக் கொள்கின்றன!

காகிதம் கிடையாது. மிக நுண்ணிய பைதான் உறை. எக்சோசோம் என்று பெயர். ஒரு தலைமுடியின் தடிப்புக்குள் இப்படிப் பல நூறு பைகளை வரிசையாக அடுக்கி விடலாம்.

1983-ம் ஆண்டில் கனடா நாட்டில் ரோஸ் ஜான்ஸ்டன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, செம்மறி ஆட்டின் ரத்தத்தை ஆராய்ந்தது. இளம் சிவப்பு அணுக்கள், இனித் தேவை இல்லாத பொருளைப் பையில் கட்டி வெளியே தள்ளின. குப்பைதானே என்று பலர் விட்டு விட்டார்கள்.

2007-ல் அந்தக் குப்பை பேசியது! சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பைக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருப்பதைக் கண்டார்கள். சுமார் 22 ரசாயன எழுத்துக்கள் கொண்ட துண்டுச் சீட்டு அது. சீட்டு போய்ச் சேர்ந்த அணு, சில புரதங்களைச் செய்வதைக் குறைத்துக் கொள்ளும்.

சீட்டு எப்படிக் கைமாறுகிறது? 2011-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். உள்ளே நுழைந்த கிருமியின் துண்டை ஓர் அணு தூக்கிக் காட்டுகிறது. "டி" அணு வந்து அதோடு ஒட்டிக் கொள்கிறது. ஒட்டிய இடத்தில் பை மாறுகிறது. "டி" அணு கொடுக்கும், மற்றது வாங்கும். பதில் கடிதம் அந்த வழியில் வருவதில்லை.

திருடனுக்கும் இந்தத் தபால் தெரியும்! புற்றுநோய் அணுவும் பைகளை அனுப்பி, வெள்ளை அணுக்களை அடக்கப் பார்க்கிறது. அந்தப் பைகளை வழியிலேயே மடக்குவது எப்படி என்று இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.