சிலுவையைக் கழற்றிய போதகர்

மாற்றுப் பாதை ஊழியர்கள் – 6

1967இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளைட் நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தில், ஆராதனைக்கூடத்துச் சிலுவையை இறக்கிவிட்டார் அதன் போதகர் செசில் வில்லியம்ஸ். சிலுவை சாவின் அடையாளம், ஆலயம் வாழ்வைக் கொண்டாடும் இடம், சுவரில் ஒரு சிலுவை தொங்கினால் போதாது, நாமே சிலுவையாகத் தெருவில் நடமாட வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். பழைய விசுவாசிகள் கொதித்துப்போனார்கள். எனக்கென்னவோ, சிலுவை போனதைவிட அந்தக் கூடத்துக்குள் புதிதாக யார் யார் வந்தார்கள் என்பதே பெரிய செய்தியாகப் படுகிறது.

ஆலயம் இருப்பது டெண்டர்லாயின் பகுதியில். மலிவு விடுதிகள், மதுக்கடைகள், பாலியல் தொழில், போதைமருந்து, போக்கிடமற்ற மனிதர்கள் என்று நகரம் ஒதுக்கிவைத்த எல்லாம் அங்கே குவிந்திருந்தன. கால்நடைப் பண்ணையால் செல்வம் சேர்த்தவரின் விதவையான லிஸ்ஸி கிளைட் அம்மையார், கணவர் நினைவாக 1929இல் தொடங்கிய ஆலயம் இது. பணத்துக்குக் குறைவில்லை, ஆட்கள்தான் இல்லை. 1963இல் செசில் வந்தபோது சபை சுமார் 35 பேராகச் சுருங்கிக் கிடந்தது.

ஆலயம் தொடங்கிய அதே 1929இல் டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில் பிறந்தவர் செசில். தாத்தா அடிமையாக இருந்தவர். பையன் ஊழியத்துக்குத்தான் போவான் என்று அம்மா முன்பே முடிவுகட்டியிருந்ததால், வீட்டில் அவருக்குச் செல்லப்பெயரே 'ரெவ்'. ஆனால் கறுப்பருக்கு ஒரு தெரு, வெள்ளையருக்கு ஒரு தெரு என்றிருந்த ஊரில் வளர்ந்த அந்தச் சிறுவனின் மனநிலையே ஒரு கட்டத்தில் பாதிக்கப்பட்டது. அதை அவர் மறைக்கவில்லை, 1980இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். 1955இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் ஐந்து கறுப்பின மாணவர்களில் அவரும் ஒருவர்.

செசிலுக்கு முன்பே கிளைட்டில் வேலையைத் தொடங்கியிருந்தவர் டெட் மெக்கில்வென்னா என்ற இளம் போதகர். தெருவில் திரியும் இளைஞர்களிடையே ஊழியம் செய்ய அனுப்பப்பட்டவர். போய்ப் பேசிப் பார்த்தால், அவர்களில் பலர் தற்பால் ஈர்ப்புள்ளவர்கள் என்பதற்காகக் குடும்பம் துரத்திவிட்ட பிள்ளைகள். போதனை செய்யப் போனவர், முதலில் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார். அதன் விளைவாக 1964இல் போதகர்களும் தற்பாலினத்தவர் தலைவர்களும் சேர்ந்து ஒரு மன்றம் அமைத்தார்கள். அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத கூட்டணி.

மன்றத்துக்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டு நாளில் கலிஃபோர்னியா ஹாலில் ஒரு நடன விருந்து. வாசலிலேயே விளக்குகளைப் பாய்ச்சி, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் போலீசார் படம்பிடித்தார்கள். படம் வெளியானால் வேலை போகும், வீடு போகும். விருந்தினரில் போதகர்களும் அவர்கள் மனைவிமாரும் உண்டு. தடுத்துக் கேள்வி கேட்ட வழக்கறிஞர்களைக் கைதுசெய்தார்கள். மறுநாள் போதகர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, போலீசாரைப் பெயர்சொல்லித் திட்டாத குறைதான். வழக்கறிஞர்கள்மீதான வழக்கில், அவர்கள் தரப்பு வாதத்தைத் தொடங்கும் முன்பே, குற்றமில்லை என்று தீர்ப்பளிக்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். அந்த நகரத்துத் தற்பாலினத்தவர்மீது காலங்காலமாக நடந்துவந்த கெடுபிடியை வெள்ளைக் கழுத்துப்பட்டைக்காரர்கள் தங்கள் கண்ணால் பார்த்தது அந்த விருந்தில்தான்.

இனி ஜானிஸ் மிரிகிதானி. குருப்பட்டம் இல்லை, இறையியல் படிக்கவில்லை. அறுபதுகளில் அலுவலக வேலைக்கு வந்த கவிஞர். 1941இல் கலிஃபோர்னியாவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். ஆர்கன்சாவின் ரோவர் முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டபோது கைக்குழந்தை. போருக்குப்பின் பெட்டலூமாவில் கோழிப்பண்ணை வாழ்க்கை. சிறுமியாக இருந்தபோது பாலியல் கொடுமைக்கு ஆளானதைப் பின்னாளில் மேடையிலேயே சொன்னார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான், கிளைட்டுக்கு வந்த பெண்கள் தங்கள் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். எண்பதுகளில் கிராக் கொக்கெய்ன் அந்தப் பகுதியைச் சூறையாடியபோது, மீட்புக் குழுக்கள் கதை சொல்லும் இந்தப் பழக்கத்தின்மேல்தான் எழுந்தன. 1982இல் செசிலை மணந்தார். 2000இல் நகரத்தின் அரசவைக் கவிஞரானார். ஜானிஸ் இல்லாவிட்டால் கிளைட், நாவன்மை மிக்க ஒரு பிரசங்கியின் அரங்கமாக மட்டுமே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு.

'த பர்சூட் ஆஃப் ஹேப்பினஸ்' படம் பார்த்தவர்களுக்கு இந்த ஆலயம் தெரியும். வில் ஸ்மித் மகனோடு இரவு தங்க இடம் கேட்டு வரிசையில் நிற்கும் இடம். படத்தில் வரும் போதகர் நடிகரல்ல, செசிலேதான். வாரன் பஃபெட்டோடு மதிய உணவு என்ற ஏலமும் கிளைட்டுக்காகவே நடந்தது. 2022இல் நடந்த ஏலம் 1 கோடியே 90 லட்சம் டாலர்!

2008இல் போதகராக வந்த கேரன் ஒலிவேட்டோ ஒரு பெண்ணை மணந்தவர். அவர் சார்ந்த சபையின் சட்டம் அதை ஏற்கவில்லை. இருந்தும் 2016இல் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், தற்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன முதல் ஐக்கிய மெதடிஸ்ட் பேராயர் அவர்தான். பிற்பாடு 'கொண்டாட்ட ஊழியர்' என்ற பொறுப்புக்கு வந்த மார்வின் கே. ஒயிட்டும் கவிஞர்.

குறை இல்லாமலில்லை. ஒரே மனிதரைச் சுற்றிக் கட்டிய இடத்தில் அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பது கடினம். 2000இல் முறைப்படி ஓய்வுபெற்ற செசில், அதன்பின்னும் நிழலாகக் கூடவே இருந்தார். 2018இல் அந்தப் பகுதியின் மெதடிஸ்ட் பேராயர் தன் போதகர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். இது இன்னும் கிறிஸ்தவ ஆலயம்தானா என்று கேட்டது தலைமை. சொத்து யாருக்கு என்று வழக்கும் நடந்தது. 2020இல் சமரசமாகி கிளைட் தனி அமைப்பாகப் பிரிந்தது.

ஜானிஸ் 2021இல் காலமானார். செசில் 2024 ஏப்ரல் 22 அன்று, தம் 94ஆம் வயதில். தற்பாலினத்தவர் குருப்பட்டம் பெறக் கூடாது என்ற விதியை ஐக்கிய மெதடிஸ்ட் சபை நீக்கியது மே 1 அன்று.

அடுத்த வாரம்: சி.ஐ.ஏ.விலிருந்து பிரசங்க பீடத்துக்கு வந்த வில்லியம் ஸ்லோன் காஃபின்.