7,225 டாலர்: ‘எல் மரியாச்சி’யின் வரவு செலவு

மொத்தச் செலவு 7,225 டாலர். படத்தின் நீளம் 81 நிமிடம். வகுத்துப் பார்த்தால், திரையில் ஓடும் ஒரு நிமிடத்துக்கு 89 டாலர். 1991 கோடையில் 23 வயது அமெரிக்க இளைஞர் ராபர்ட் ரோட்ரிகஸ், டெக்சஸ் எல்லையை ஒட்டிய மெக்சிகோ ஊரான சியுடாட் அகுன்யாவில் 14 நாளில் எடுத்த அடிதடிப் படம் இது. ஸ்பானிய மொழி வீடியோ கடைகளில் ஓடிக்கொண்டிருந்த மலிவான துப்பாக்கிப் படங்களின் சந்தையைக் குறிவைத்தே எடுத்தார். தியேட்டர் அவர் திட்டத்திலேயே இல்லை.

வரவுப் பக்கத்தின் முக்கியமான தொகை சுமார் 3,000 டாலர். மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆஸ்டின் நகரின் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், கொழுப்பைக் குறைக்கும் மருந்தின் சோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்து, ஒரு மாதம் உள்ளேயே தங்கிச் சம்பாதித்தது. திரைக்கதையையும் அங்கேதான் எழுதினார். அதே சோதனைக்கு வந்திருந்த பீட்டர் மார்க்கார்ட் படத்தின் வில்லன் ஆனார்.

செலவில் பெரும்பகுதி மூன்றே இனங்களில் போனது: 16 மி.மீ. படச்சுருள், அதை லேபில் கழுவும் கூலி, கழுவியதை வீடியோ நாடாவுக்கு மாற்றும் கட்டணம். கேமரா இரவல். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. துப்பாக்கிகளில் சில உள்ளூர் போலீஸாரிடம் இரவல் வாங்கியவை, சில தண்ணீர்த் துப்பாக்கிகள். நாயகன் கார்லோஸ் கயார்டோவுக்கு அது சொந்த ஊர் என்பதால் மதுக்கடை, சிறை, பஸ் எல்லாம் கேட்டதும் கிடைத்தன. யூனிட் என்று ஒன்று இல்லை. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங் அனைத்தும் ரோட்ரிகஸே.

சுருள் கணக்குதான் எனக்கு இந்தப் படத்தின் உயிர்நாடி. 400 அடிச் சுருள் ஒன்று 16 மி.மீ.யில் சுமார் 11 நிமிடம் ஓடும். அவர் செலவழித்தது ஏறக்குறைய 25 சுருள். அதாவது 275 நிமிடம். படத்தில் நின்றது 81. எடுத்ததற்கும் வைத்ததற்கும் உள்ள விகிதம் மூன்றரையைத் தொடவில்லை. ஸ்டூடியோ படங்களில் பத்து மடங்குக்கு மேல் எடுப்பது சர்வசாதாரணம். இங்கே பெரும்பாலும் ஒரே டேக். நடிகர் தடுமாறினால் அந்த இடத்தைத் தாண்டி வேறு கோணத்திலிருந்து தொடர்வார்கள்.

இரவல் கேமரா ஓடும்போது பெருஞ்சத்தம் போட்டது. அதனால் படத்தை ஊமையாக எடுத்துவிட்டு, கேமராவை நிறுத்தி, மைக்கை வாயருகே பிடித்து, நடிகரை அதே வசனத்தை அதே வேகத்தில் திரும்பப் பேசச் செய்து நாடாவில் பதிவு செய்தார். எடிட்டிங்கில் உதடும் குரலும் சில நொடி ஒத்துப்போகும், பிறகு விலகும். விலகும் இடத்தில் வெட்டிவிட்டு நாயின் முகத்தையோ எதிராளியின் முகத்தையோ வைப்பார். நிஜத் துப்பாக்கிகளும் இப்படித்தான்: வெற்றுத் தோட்டா போட்டால் ஒரு முறை சுட்டதும் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு வெடியையும் ஒவ்வொரு கோணத்தில் எடுத்து ஒட்டி, மேலே இயந்திரத் துப்பாக்கிச் சத்தத்தைச் சேர்த்தார். விமர்சகர்கள் கொண்டாடிய அந்தப் படபடப்பான வேகம் இந்தப் பற்றாக்குறையில் பிறந்தது.

7,225 என்ற எண்ணைக் காட்டி ‘யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தொகை வீடியோ மாஸ்டரோடு முடிந்துவிடுகிறது. படத்தின் உரிமையை வாங்கிய கொலம்பியா ஸ்டூடியோ, அதை 35 மி.மீ.க்கு ஏற்றி ஒலியை மறுபடி கலக்கவே சுமார் 2,00,000 டாலர் செலவழித்தது. படமெடுத்த செலவைப்போல் 27 மடங்குக்கு மேல். விளம்பரம் தனி. ஊர்க்காரர்களின் உழைப்புக்கும், சிறுவயதிலிருந்தே இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து எடிட்டிங் பழகிய ரோட்ரிகஸின் ஆண்டுகளுக்கும் அந்தக் கணக்கில் விலையே போடப்படவில்லை.

1993 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் பார்வையாளர் விருது, பிப்ரவரியில் தியேட்டர், அமெரிக்க வசூல் சுமார் 20 லட்சம் டாலர். இந்தப் படத்தின் நாயகனான கிட்டார்காரன் பாத்திரத்தையே வைத்து 1995இல் அவர் எடுத்த ‘டெஸ்பராடோ’வுக்கு ஸ்டூடியோ ஒதுக்கிய பட்ஜெட் 70 லட்சம் டாலர். அதையும் எடிட் செய்தவர் ரோட்ரிகஸ்தான்.