கோயில் வாசலில் நாம் கேட்க மறந்த கேள்வி

சீர்காழித் திருக்குளக் கரையில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று அழுத வரலாற்றை அறியாத சைவ அன்பர் இலர். தந்தையார் சிவபாத இருதயர் நீரில் மூழ்கி நியமங்களைச் செய்துகொண்டிருந்தார். அவரைக் காணாத பிள்ளை, தோணிபுரத்துச் சிகரத்தை நோக்கி அழுதது. அம்மையப்பர் விடைமீது எழுந்தருளினர். உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டியருளினாள். அழுத பிள்ளை, ஆளுடைய பிள்ளையாயிற்று.

இவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துவிடும் இடம் ஒன்று உண்டு. கரையேறிய தந்தையார், பிள்ளையின் வாயில் பால் வழிந்திருக்கக் கண்டார். பசி தீர்ந்ததே என்று அவர் அமைதி கொள்ளவில்லை. சிறு கோல் ஒன்றைக் கையிலெடுத்து, இப்பாலை உனக்குத் தந்தவர் யார் என்று வினவினார். பிள்ளையைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்வி அது.

இன்று நம் கோயில்களின் வாசலில் எத்தனையோ பிள்ளைகள் கை நீட்டி நிற்கின்றனர். பிரதோஷ நாளில், கிருத்திகையில், தேரோடும் வீதியில் அவர்களைக் காண்கிறோம். எட்டு வயதுச் சிறுமியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருக்கும். உச்சி வெயிலிலும் மேள ஒலியிலும் அக்குழந்தை கண் விழிப்பதே இல்லை. நாம் மனம் இரங்கி ஒரு நாணயத்தை இட்டு, புண்ணியம் செய்த நிறைவோடு உள்ளே செல்கிறோம். இப்பிள்ளை யாருடையது? இதை இங்கே நிறுத்தியவர் யார்? இந்த நாணயம் மாலையில் யார் கைக்குப் போகும்? சிவபாத இருதயர் கேட்ட கேள்வியை நாம் கேட்பதில்லை.

வறுமையால் தாயோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. வேறு ஒருவரின் பிழைப்புக்காக நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் உண்டு. பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய நம்மால் இயலாது. இருவருக்கும் பொதுவான உண்மை ஒன்று: அந்த நேரத்தில் அப்பிள்ளை பள்ளியில் இருந்திருக்க வேண்டும். பிள்ளையின் கையில் காசு சேரச் சேர, அப்பிள்ளையை அங்கிருந்து விடுவிக்க அதை நிறுத்தியவருக்கு மனம் வராது. நம் இரக்கமே அப்பிள்ளையின் விலங்காகிவிடுகிறது.

இக்கேள்வியைக் கேட்ட ஓர் அறப்பணியின் வரலாற்றை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியையாக இருந்தவர் ஜெரூ பில்லிமோரியா. ரயில் நிலையங்களிலும் இரவுக் காப்பகங்களிலும் தங்கிய பிள்ளைகளோடு அவர் பழகினார். ஆபத்து நேரத்தில் அழைக்கும்படி தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அழைப்புகள் நள்ளிரவிலும் வந்தன. நோயுற்ற பிள்ளையும், அடிபட்ட பிள்ளையும், அஞ்சி ஒளிந்த பிள்ளையும் அவரை நாடினர். ஒரு வீட்டுத் தொலைபேசி இதற்குப் போதாது என்று உணர்ந்த அவர், 1996-ஆம் ஆண்டு, குழந்தைகளுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் சைல்டுலைன் என்னும் உதவிப் பணியைத் தொடங்கினார். அதன் எண் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் சொன்னால், எழுத்தறியாத பிள்ளையின் நினைவிலும் அது தங்கிவிடும். இந்த எண்ணை அழைக்கக் கட்டணம் இல்லை.

மத்திய அரசின் துணையோடும் ஊர்தோறும் உள்ள தொண்டு நிறுவனங்களின் உழைப்போடும் இப்பணி 500-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவியது. 2023-ஆம் ஆண்டு முதல் அரசே இதனை ஏற்று நடத்தி வருகிறது. எண் மட்டும் மாறவில்லை.

அழைத்தால் என்ன நடக்கிறது? அழைப்பை ஏற்பவர் இடத்தையும் பிள்ளையின் நிலையையும் கேட்டறிகிறார். உடனே அந்த வட்டாரத்துப் பணியாளருக்குச் செய்தி போகிறது. அவசர நிலையில் ஒரு மணி நேரத்திற்குள் பிள்ளையிடம் சென்று சேர வேண்டும் என்பது சைல்டுலைன் வகுத்துக்கொண்ட நெறி. மீட்கப்பட்ட பிள்ளையை 24 மணி நேரத்திற்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அக்குழு, பிள்ளையின் பெற்றோரைத் தேடச் செய்கிறது. வீடு பாதுகாப்பானது என்று தெரிந்தால் பிள்ளை வீடு திரும்பும். இல்லையேல் காப்பகத்தில் தங்கிப் படிக்கும்.

கை நீட்டி நிற்கும் பிள்ளையை இச்சட்டம் குற்றவாளியாகக் கருதுவதில்லை. காப்பும் கவனிப்பும் தேவைப்படும் பிள்ளையாகவே கருதுகிறது. பிள்ளையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அதற்காகப் பிள்ளையின் உறுப்பைச் சிதைத்தவருக்குத் தண்டனை ஏழு ஆண்டுகளுக்குக் குறையாது.

கோயில் வாசலைச் சொல்லிவிட்டு நம் வீட்டு வாசலைச் சொல்லாமல் விடுவது அறமாகாது. கிராமத்திலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்து, பாத்திரம் துலக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வைத்துக்கொள்வது நம் தலைமுறையில் வழக்கமாக இருந்தது. 'எங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலத்தான் வைத்திருக்கிறோம்' என்போம். நம் வீட்டுப் பிள்ளை அவ்வேளையில் பள்ளியில் இருந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலையிலும் உணவு விடுதிகளிலும் அமர்த்துவது 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, அவ்வயதினரை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது. அண்டை வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதுவும் நாம் பாராமுகமாக இருக்கக்கூடிய செய்தியன்று.

வயதான நம்மால் என்ன செய்ய இயலும் என்று அன்பர்கள் எண்ண வேண்டாம். கோயிலுக்கு நாள்தோறும் செல்பவர்கள் நாம்தாம். எந்தப் பிள்ளை புதிதாக வந்தது, எந்தப் பிள்ளையைச் சுற்றி யார் நடமாடுகிறார் என்பதை நம்மைவிட அறிந்தவர் இலர். அங்கிருப்பவரோடு வாதம் செய்ய வேண்டாம். அது பிள்ளைக்கே தீங்காக முடியலாம். சற்று விலகி நின்று 1098-ஐ அழையுங்கள். இடம், பிள்ளையின் வயது, உடையின் நிறம், உடன் இருப்பவர் ஆகியவற்றைச் சொன்னால் போதும். ரயிலிலோ பேருந்து நிலையத்திலோ துணையின்றித் திகைத்து நிற்கும் பிள்ளையைக் கண்டாலும் இவ்வாறே செய்யலாம். வாசலில் இடும் காசை, அரசுப் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்திற்கு அன்னதானமாகவோ, ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்காகவோ சேர்த்து வைக்கலாம். தருமம் குறையாது, சேர வேண்டிய இடத்தைச் சேரும்.

தந்தை கேட்டதும் சீர்காழிப் பிள்ளை அஞ்சவில்லை. விரல் நீட்டி, தனக்குப் பாலூட்டியவரை வானில் சுட்டிக் காட்டியது. நம் கோயில் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அப்படிச் சுட்டிக் காட்ட ஒருவரும் இல்லை. அதனிடம் யாரும் கேட்கவும் இல்லை. வீட்டுப் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் இன்றே அந்த நான்கு இலக்கங்களையும் எழுதி வையுங்கள். அடுத்த பிரதோஷத்தன்று கை நீட்டும் பிள்ளையைக் கண்டால், காசைத் தேடும் முன் அந்த எண்ணை நினையுங்கள்.